இடைவெளியில் இருந்த பிள்ளை

எங்கள் பள்ளியில் கதவுகள் சத்தம் போடுவதில்லை. விசாரணைக்கு வந்ததிலிருந்தே நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு விடுமுறையிலும் எல்லாக் கீல்களுக்கும் தாழ்ப்பாள்களுக்கும் எண்ணெய் விடச் சொல்வேன். சொல்லிவிட்டுப் போய்விட மாட்டேன், பக்கத்திலேயே நின்று பார்ப்பேன். ஒரு கதவு கிறீச்சிட்டால் ஒரு வகுப்பே திரும்பிப் பார்க்கும். திரும்பிய தலைகளை மறுபடி கரும்பலகைப் பக்கம் கொண்டுவருவதற்குள் பாதிப் பாடம் போய்விடும்.

அதனால்தான், மேடம், காலையில் நீங்கள் தலைமையாசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தது என்னை உறுத்தியது. விளையாட்டுச் சாமான் அறையின் தாழ்ப்பாள் பழுதாகித் தானாக விழுந்திருக்கலாம் என்றீர்கள். இல்லாவிட்டால் ஆயாம்மா உள்ளே எட்டிப் பார்க்காமல் தாழிட்டிருக்க வேண்டும் என்றீர்கள். தலைமையாசிரியர் இரண்டுக்கும் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். அந்தத் தாழ்ப்பாள் தானாக விழாது. படுக்கைவாட்டில் ஓடுகிற தாழ்ப்பாள் அது, கை வைத்துத் தள்ளினால்தான் போகும். தள்ளியது ஆயாம்மாவின் கையும் இல்லை.

நடுவிலிருந்து ஆரம்பித்தால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் இந்தப் பள்ளிக்குத் துணைத் தலைமையாசிரியையாக வந்தபோது இது அடிக்கிற பள்ளி. பிரம்புக்கு என்று ஆசிரியர் அறையில் ஒரு மூலையே இருந்தது. விளையாட்டு ஆசிரியர் விசிலடித்தால் பிள்ளைகள் மூச்சை நிறுத்திக்கொள்வார்கள். கணக்கு ஆசிரியை அளவுகோலைப் பட்டையாகப் பிடிக்க மாட்டார், விளிம்பால் அடிப்பார். எனக்கு இதெல்லாம் ஆகாது. என் கை இன்றுவரை ஒரு பிள்ளைமேல் பட்டதில்லை. குரலை உயர்த்தியதில்லை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பிரம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது என்று வெகுநாள் யோசித்தேன். அப்படி வந்ததுதான் வில்லை. பிள்ளைகள் பேட்ஜ் என்பார்கள், தலைமையாசிரியர் மேடையில் மட்டும் ‘புன்னகை வில்லை’ என்பார். வட்டமான தகடு. ஒரு பக்கம் மஞ்சளில் சிரித்த முகம், மறுபக்கம் வெறும் சாம்பல் நிறம். எல்லாரும் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும், ஆசிரியர்கள், ஆயாம்மா, காவலாளி உட்பட. ஒரு பிள்ளை தவறு செய்தால் நாங்கள் திட்டுவதில்லை, முட்டிபோட வைப்பதில்லை. வில்லையைத் திருப்பிவிடுவோம், அவ்வளவுதான். சாம்பல் பக்கம் தெரிகிறவரை அந்தப் பிள்ளையோடு யாரும் பேச மாட்டார்கள். கேட்டால் பதில் வராது. எதிரே வந்து நின்றாலும் பார்வை அதன்மேல் தங்காது. இதற்குத் தண்டனை என்று பெயரில்லை. தண்டனை என்ற சொல்லே எங்கள் பள்ளியில் இல்லை, தவறு என்ற சொல்லும் இல்லை. தவறை ‘வளரவேண்டிய இடம்’ என்போம். சாம்பல் வில்லையோடு இருப்பதை ‘இடைவெளி’ என்போம். பிள்ளை இடைவெளியில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு மென்மையாக இருக்கிறது.

திரும்பி வருவதற்கும் வழி வைத்திருக்கிறோம். காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வந்து நின்று, ‘நான் திரும்பி வந்துவிட்டேன், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல வேண்டும். உடனே நான் வில்லையை மஞ்சள் பக்கம் திருப்புவேன். பள்ளி முழுவதும் கைதட்டும். முதல்முறை அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்கே கண் கலங்கியது.

தலைமையாசிரியர் ஆரம்பத்தில் முகம் சுளித்தார். “அடியே இல்லாம பிள்ளைங்க எப்படிம்மா அடங்கும், மந்திரமா போடப்போறீங்க?” என்றார். பிறகு வெளியிலிருந்து வந்த யாரோ பள்ளியில் நிலவும் அமைதியைப் பாராட்டினார்கள். அன்றிலிருந்து அவர் இந்த முறையைத் தொட்டிலிலேயே கண்டுபிடித்தவர் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். அவருடைய வில்லைக்கு மட்டும் இரண்டு பக்கமும் மஞ்சள். செய்துகொடுத்த இடத்தில் நேர்ந்த பிழை அது. மாற்றிவிடலாமா என்று கேட்டேன். எதற்கு வீண் அலைச்சல், இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி கொடி. ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஒரு மஞ்சள் கொடி இருக்கும். வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை, இடைவெளியில் இருப்பவரோடு ஒரு வார்த்தை பேசினாலும் கொடி இறங்கிவிடும். கொடி இறங்கிய வகுப்புக்கு விளையாட்டு நேரம் கிடையாது. இதைக் கொண்டுவந்த பிறகு நான் கண்காணிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் வராந்தாவில் நடந்து வந்தபோது அவர்கள் ஒதுங்கி நின்று வணக்கம் சொன்னது உங்களுக்குப் பிடித்திருந்தது. அந்த ஒழுங்கு சும்மா வந்ததில்லை.

இனி அந்தப் பிள்ளை.

ஆறாம் வகுப்பு. ஆசிரியர் அறையில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். யாருக்கு என்ன வம்பு வந்தாலும் நடுவில் போய் நிற்பாள். பரீட்சைத் தாளில் மற்றவர்களுக்குக் குறைந்த மதிப்பெண்ணைக்கூட இவள்தான் தூக்கிக்கொண்டு வந்து வாதாடுவாள். நல்ல பிள்ளைதான். நான் யாரையும் கெட்ட பிள்ளை என்று சொல்வதில்லை. கொஞ்சம் இளைப்பு உண்டு. ஓடினால் மூச்சில் விசில் சத்தம் கேட்கும், பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை, அதனால் அந்த விஷயத்தில் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

ஒன்றாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண். எதற்கெடுத்தாலும் அழும். அதன் வில்லையைத் திருப்பியிருந்தோம். கழிவறைக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறது. பதில் சொல்ல முடியாத நிலை, உங்களுக்குப் புரியும். வராந்தாவிலேயே பாவாடையை நனைத்துக்கொண்டது. பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒருவர்கூட நின்று பார்க்கவில்லை. எனக்கு அதில் பெருமைதான். வக்கீல் மட்டும் நின்றாள். கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கழுவிவிட்டு, தன் விளையாட்டு உடுப்பை எடுத்துப் போர்த்திவிட்டாள். பேச்சு வேறு கொடுத்துக்கொண்டிருந்தாள். அது சிரித்துவிட்டது.

என் அறைக்கு வரவழைத்தேன். நாம் பேசுவதால் அந்தக் குழந்தை வளரவேண்டிய இடத்தில் வளராமல் போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டாள், “அதுக்காக ஈரத்தோட நின்னுகிட்டா வளரணும் மிஸ்?”

நான் கோபப்படவில்லை. அவள் வில்லையைத் திருப்பினேன். ஆறாம் வகுப்பின் கொடியும் இறங்கியது. அன்று மாலை விளையாடப் போக முடியாத அத்தனை பிள்ளைகளும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது அது விதிக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் கூட்டத்தில் அவளை முன்னால் நிறுத்தி வாக்கியத்தைச் சொல்லச் சொன்னோம். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, “நான் எங்கயும் போகலையே மிஸ். போகாத ஆளு திரும்பி வந்துட்டேன்னு எப்படிச் சொல்றது?” என்றாள்.

வரிசையில் சிரிப்பு பரவியது. தலைமையாசிரியரும் சிரித்துவிட்டு, பிறகு இருமினார். அவ்வளவு பேர் சிரிக்கிற இடத்தில் நான் மட்டும் சிரிக்காமல் நின்றேன். உங்களுக்கு அப்படி ஒரு அனுபவம் உண்டா என்று தெரியவில்லை. எனக்குக் கோபம் வராது. ஆனால் அந்தக் கணத்தில் ஒன்று புரிந்தது. இந்தப் பிள்ளை அந்த வாக்கியத்தைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இதுவரை சொன்ன பிள்ளைகள் எல்லாம் ஏன் சொன்னோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடும்.

முதலில் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. வருகை எடுக்கும்போது ஆசிரியை அவள் பெயரைத் தாண்டிப் போனால், “வந்திருக்கேன் மிஸ், இருக்கேன்” என்று தானே சொல்லிக்கொள்வாள். கேள்வி கேட்டால் கை தூக்குவாள். யாரும் கூப்பிடாததால் கையைத் தூக்கியபடியே வைத்திருப்பாள், வலித்தால் மறுகையால் முட்டுக்கொடுத்துக்கொள்வாள். பெஞ்சில் பக்கத்தில் இருந்த ரெட்டைச்சடை அவளுடைய உயிர்த்தோழி. அவள் காதில் ஏதோ ஜோக் சொல்லிவிட்டு, பதில் வராததால் தானே சிரித்துக்கொள்வாள். பிறகு ஜோக் நின்றது. கை தூக்குவது நின்றது. “வந்திருக்கேன்” என்பது கடைசிவரை இருந்தது, உதடு மட்டும் அசையும்.

அவள் அம்மா ஒருநாள் வேலையிலிருந்து நேராக என்னைப் பார்க்க வந்தார். உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “வீட்டுக்கு வந்தா பேச்சே இல்ல மிஸ். சாப்பிடக் கூப்பிட்டா, நான் இருக்கறது உனக்குத் தெரியுதாம்மான்னு கேக்குறா. ராத்திரியெல்லாம் இளைப்பு. போதும் மிஸ், விட்டுடுங்க,” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பள்ளியில் நாங்கள் மூடுகிற கதவை வீட்டில் நீங்கள் திறந்து வைக்கிறீர்கள், அதனால்தான் பிள்ளை இறங்கி வரவில்லை என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். வீட்டிலும் இதையே கடைப்பிடித்தால் சீக்கிரம் முடிந்துவிடும், சாப்பாடு வையுங்கள், பேச்சு மட்டும் வேண்டாம் என்றேன். “என் பொண்ணுகூட நான் பேசக்கூடாதா?” என்று கேட்டார். கொஞ்ச காலம்தானே, வில்லை மஞ்சளாகிற வரைக்கும்தானே என்றேன். அவர் அழுதார். ஆனால் நான் சொன்னதைச் செய்தார். படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற எத்தனையோ பெற்றோர் செய்ய மாட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் விருதுக் குழு வருவதாகச் செய்தி வந்தது.

பிள்ளைகள் இணக்கமாக வாழும் சிறந்த பள்ளிக்கான விருது. தலைமையாசிரியர் ஒரு புதிய கோட் வாங்கினார். என் முறையைத் தன் முறையாக விளக்கும் உரையைக் கழிவறைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தார். கைகளை எங்கே விரிப்பது என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பம் இருந்தது. முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, “அந்த ஆறாம் வகுப்புச் சாம்பல் போட்டோவுல விழக்கூடாதும்மா. எங்க வைப்பீங்கன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்ல வேணாம்,” என்றார். பொறுப்பைத் தட்டிக்கழிப்பதில் அவருக்கு ஈடு யாரும் இல்லை.

வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாசல் பலகையில் ‘இன்று அனைவரும் வந்திருக்கிறோம்’ என்று எழுதுவது எங்கள் வழக்கம். குழு முதலில் பார்ப்பது அந்தப் பலகையைத்தான். அதில் பொய் எழுத எனக்கு மனம் வராது.

குழு சுற்றிப் பார்க்காத ஒரே இடம் விளையாட்டுச் சாமான் அறை. அரங்கத்தில் மேடைக்குப் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. ஜன்னல் இல்லை. பாய் விரிப்புகள், வலைகள், மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புப் பொடி மூட்டைகள் எல்லாம் அங்கேதான். காலையில் வரிசையில் அவள் எதிரே போய் நின்று, கையால் வழி காட்டினேன். கை காட்டலாம், பேசத்தான் கூடாது. அவள் மறுக்காமல் வந்தாள். அறை வாசலில் நின்று, “மிஸ், பைய எடுத்துட்டு வந்துடறேன். மருந்து அதுலதான் இருக்கு,” என்றாள்.

எனக்கு நன்றாகக் கேட்டது. பைகள் அன்று வகுப்பில் அளவெடுத்த மாதிரி ஒரே வரிசையில் அடுக்கியிருந்தன, ஒன்றை எடுத்தால் பல் விழுந்த மாதிரி தெரியும். ஆனால் நான் பதில் சொல்லாததற்கு அது காரணமில்லை. அவள் வில்லை சாம்பல் நிறத்தில் இருந்தது. விதி பிள்ளைகளுக்கு மட்டும், எனக்கு இல்லை என்று நான் நடந்துகொண்டால் இந்தப் பள்ளியில் யார் அதை மதிப்பார்கள்? அறைக்குள் கை காட்டினேன். அவள் போனாள். உட்காருவதற்கு ஒரு பாயை நானே விரித்துவிட்டேன். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். எண்ணெய் விட்டிருந்ததால் வழுக்கிக்கொண்டு போனது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, மெதுவாகவே சொல்கிறேன்.

குழுவில் மூன்று பேர். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், உட்கார்ந்ததும் கண்ணை மூடிச் சிந்திப்பவர். பிள்ளை வளர்ப்பு பற்றிப் புத்தகங்கள் எழுதும் அம்மையார் ஒருவர். படம் எடுக்கும் இளைஞர் ஒருவர். தலைமையாசிரியர் உரையைத் தொடங்கி, அன்பு என்ற சொல்லில் கைகளை விரித்த நேரத்தில் பின்னாலிருந்து தட்டுகிற சத்தம் வந்தது.

எங்கள் பிள்ளைகளுக்குக் கதவு தட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். மென்மையாக மூன்று தட்டு, பிறகு காத்திருக்க வேண்டும். அவள் அப்படித்தான் தட்டினாள். மூன்று தட்டு, காத்திருப்பு. மறுபடி மூன்று தட்டு, காத்திருப்பு. யாரையும் தொந்தரவு செய்யாத மாதிரி. அந்த இடத்தில் அவளைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம்தான் வந்தது.

அரங்கத்தில் பள்ளி முழுவதும் இருந்தது. எல்லாருக்கும் கேட்டது. ஒரு தலை திரும்பவில்லை, மேடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரு தலையும் திரும்பவில்லை. அம்மையார்தான் சுற்றுமுற்றும் பார்த்தார். குழாய் வேலை நடக்கிறது என்றேன். “அதைச் சொல்லலைங்க, இந்தப் பிள்ளைங்களைச் சொல்றேன். இவ்வளவு சத்தத்துல ஒண்ணு அசையலையே. எங்க வீட்டுல ரெண்டு இருக்கு, ஈ பறந்தா எழுந்து ஓடும்,” என்று வியந்துபோனார். இளைஞர் அந்த முகங்களைப் படமெடுத்துக்கொண்டார். விருது எங்களுக்குத்தான் என்பது அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

ரெட்டைச்சடை மட்டும் பாதி எழுந்தாள். எழுந்தவள் தன் வகுப்புத் தலைவி பிடித்திருந்த கொடியைப் பார்த்தாள். அதற்கு முன்தினம்தான் அது மறுபடி ஏறியிருந்தது. உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைப் பார்த்துப் புன்னகைத்தேன். இப்போது அவள் யாரோடும் பேசுவதில்லை. நன்றாக அடங்கிவிட்டாள் என்று வகுப்பாசிரியை சொல்கிறார்.

தட்டல் மாறிக்கொண்டே வந்தது. காத்திருப்பு குறைந்தது. பிறகு உள்ளங்கையால் அறைகிற சத்தம் வந்தது. ஆயாம்மா ஓரமாக வந்து என் காதருகே, “மேடம், பின்னாடி யாரோ தட்டுறாங்க,” என்றார். குழாய் வேலை ஆயாம்மா என்றேன். “குழாயா இருந்தா இருமுமா மேடம்?” என்றார். அவர் சட்டையில் இருந்த வில்லையின் விளிம்பில் ஒரு விரலை வைத்தேன். அவர் போய்விட்டார். இதை அவர் உங்களிடமும் சொல்லியிருப்பார், தன் பிழைக்குத் துணைத் தலைமையாசிரியைமேல் பழி போடுகிறார் என்று தலைமையாசிரியர் உங்களுக்கு விளக்கியும் இருப்பார். அன்று மாலை பாய்களை அடுக்கப் போய்க் கதவைத் திறந்தவர் அவர் என்பதால் எல்லாரும் அவரையே பார்க்கிறீர்கள். நேற்று அவருடைய வில்லையையும் திருப்பிவிட்டார்கள். அது சரியில்லை. நான் வந்து நிற்பதற்கு முதல் காரணம் அதுதான். செய்யாத ஒன்றுக்கு வில்லை திரும்பினால் முறைமேலேயே நம்பிக்கை போய்விடும்.

பாட்டுக்குக் கை காட்டினேன். பிள்ளைகள் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள்.

இதோடு நிறுத்தினால் என்னை யாரும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. பரபரப்பில் மறந்துவிட்டேன் என்றால் போதும். விசாரணை என் பக்கம் வந்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று தலைமையாசிரியர் இன்று காலை சொன்னார். ஆனால் நான் மறக்கவில்லை, மேடம். நான் எதையும் மறக்கிற ஆளில்லை.

குழு வகுப்புகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியதும் நான் அந்தக் கதவுக்குப் போனேன். நான் ஒன்றும் கல் இல்லை. என் செருப்பு சத்தம் போடாது, ஆனால் கதவுக்கு அடியில் என் நிழல் விழுந்திருக்க வேண்டும். உள்ளே தட்டல் நின்றது.

“மிஸ். நீங்கதானே?” என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் விசில் அடித்தது. “சொல்லிடறேன் மிஸ். திரும்பி வந்துட்டேன். சேத்துக்கோங்க.”

அவள் சொல்லிவிட்டாள். எவ்வளவு காலம் காத்திருந்தேன் அந்த வாக்கியத்துக்கு. சொன்ன விதத்தில் குறும்பு இல்லை, வாதம் இல்லை, வக்கீல் இல்லை. பிறகு கதவுக்கு அடியில் ஏதோ உரசியது. அவளுடைய வில்லை. விரல் நுனியால் தள்ளியிருக்கிறாள், பாதிதான் வெளியே வந்தது. மஞ்சள் பக்கம் மேலே இருந்தது. அவளே திருப்பியிருந்தாள். முகமெல்லாம் சுண்ணாம்பு படிந்து சிரித்துக்கொண்டிருந்தது. வில்லையின் முகத்தைச் சொல்கிறேன்.

நான் அங்கே நின்று யோசித்தேன். தாழ்ப்பாள் என் கைக்கு எதிரிலேயே இருந்தது. ஆனால் வாக்கியத்தைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். கதவிடம் சொன்னால் கணக்கில் வராது. இவளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தால், கண்ணீர்விட்டு அதே வாக்கியத்தைக் கூட்டத்தில் சொன்ன சின்னப் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அதோடு, தன் வில்லையைத் தானே திருப்பிக்கொள்ளும் உரிமை இங்கே யாருக்கும் இல்லை.

குனிந்தேன். வில்லையைச் சாம்பல் பக்கம் மேலே வரும்படி திருப்பினேன். கதவுக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டேன். பிறகு தேநீர் ஏற்பாட்டைக் கவனிக்கப் போனேன்.

அதற்கப்புறம் அவள் தட்டவில்லை. அமைதியாகிவிட்டாள் என்று நினைத்தேன். அமைதி நல்ல அறிகுறி என்பது எங்கள் அனுபவம்.

முறையில் குறையில்லை என்பதையும் நீங்கள் எழுத வேண்டும். சுண்ணாம்பு மூட்டையின் வாய் கட்டியிருக்கவில்லை, பை வகுப்பில் இருந்தது, இவை இரண்டும்தான் குறை. இரண்டையும் சரிசெய்துவிட்டோம்.

அஞ்சலிக் கூட்டம் பற்றிச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். மேடையில் அவள் படம் வைத்திருந்தோம். அவளைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று தலைமையாசிரியர் அழைத்தார். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. படத்தைப் பார்க்கவும் இல்லை, பார்வையைப் படத்துக்குப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சங்கடமாகிவிட்டது, எனக்குத்தான் காரணம் புரிந்தது. ஆயாம்மா அவள் கையிலிருந்து எடுத்துக் கொடுத்த வில்லை என் மேசை இழுப்பறையில் இருந்தது. இன்னும் சாம்பல் பக்கமாகவே இருந்தது. போய் எடுத்து வந்தேன். சுண்ணாம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, மஞ்சள் பக்கம் தெரியும்படி படத்தின் சட்டத்தில் மாட்டினேன்.

பள்ளி முழுவதும் கைதட்டியது.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் அந்தச் சின்னப் பெண்கூடத் தட்டினாள், தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினாள். கடைசி வரிசையில் அவள் அம்மா நின்றிருந்தார். மருந்துக்கடை உடுப்போடு வந்திருந்தார். தட்டி முடிகிறவரை காத்திருந்துவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவே நடந்து வந்து என் முன்னால் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“இப்ப நான் அவகூடப் பேசலாமா மிஸ்?” என்றார்.

பேசலாம் என்றேன். எனக்கு மனம் நிறைந்துவிட்டது, மேடம். அனுமதி கேட்டுக்கொண்டு பேசிய முதல் பெற்றோர் அவர்தான்.